ஓட்டுக்கு நீண்ட கை ஓய்வுப் பணத்துக்கும் நீளுகிறது!

தேர்தலுக்கு முன்னே கும்பிடு, தேர்தலுக்குப் பின்னே வெட்டு. இது நம் நாட்டு முதலாளிக் கட்சிகளுக்கு மட்டும் சொந்தமான வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக் கொடுப்பதாகத் தம்பட்டம் அடிக்கும் அமெரிக்காவிலும் இதே கூத்துத்தான் நடக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வெட்டு விழுவது எங்கே தெரியுமா? நாற்பது வருஷம் ஆலையிலும் சுரங்கத்திலும் எலும்பு தேய உழைத்து, முதுமையில் கஞ்சிக்காக நம்பியிருக்கும் தொழிலாளியின் ஓய்வுப் பணத்தில்!

2004 நவம்பர் 2-ந் தேதி அங்கே ஜனாதிபதி தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் இரண்டாந் தடவையாக ஜெயித்தார். ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரி தோற்றார். நூறு ஓட்டில் ஏறக்குறைய 51 ஜெயித்தவருக்கு, 48 தோற்றவருக்கு. இதைப் பெரு வெள்ளம் என்று யார் சொல்வார்கள்? புஷ் சொன்னார்! ஓட்டு எண்ணி இரண்டு நாள்கூட ஆகவில்லை, பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். இந்தத் தேர்தலில் தான் அரசியல் மூலதனம் சம்பாதித்திருப்பதாகவும், அதை இனிச் செலவழிக்கப் போவதாகவும் அறிவித்தார்.

மூலதனம்! வார்த்தையைக் கவனியுங்கள், தோழர்களே. வரிசையில் நின்று சீட்டுப் போட்டவன் அதை ஓட்டு என்று நினைத்தான். வாங்கிக் கொண்டவர் அதை மூலதனம் என்கிறார். மூலதனம் எதற்கு? லாபம் சம்பாதிக்க. யாருக்கு லாபம்? நியூயார்க் நகரத்து வால் ஸ்ட்ரீட் என்னும் பங்கு மார்க்கெட் முதலைகளுக்கு! தேர்தல் மேடைகளில் முழங்கியது இராக் யுத்தமும் பயங்கரவாதமும். ஓய்வுப் பணத்தைப் பற்றிய பேச்சு ஓர் ஓரத்தில் கிடந்தது. ஜெயித்த மறுகணம் அதுவே முதல் வேலையாகி விட்டது.

எந்தப் பணத்தின் மீது கண்?

அமெரிக்காவில் சோஷல் செக்யூரிட்டி என்று ஒரு திட்டம் இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு என்று பொருள். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 6.2 டாலர் பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். வயதான பிறகு சாகும் வரை மாதந்தோறும் பணம் வரும். வேலையில் கை கால் போனால் அவனுக்கு வரும். அவன் செத்துப் போனால் விதவைக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வரும். விலைவாசி ஏறினால் இந்தப் பணமும் ஏறும்.

2005-ம் வருஷம் 4 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் இதை வாங்கினார்கள். ஓய்வு பெற்ற தொழிலாளிக்குச் சராசரி மாதம் சுமார் 950 டாலர். அந்த ஊர் விலைவாசியில் இது ராஜபோகம் அல்ல. வாடகைக்கும் ரொட்டிக்கும் மருந்துக்கும் இழுபறியாகப் போகும். ஆனால் இதுவும் இல்லாவிட்டால்? அமெரிக்கக் கிழவர் கிழவிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தரித்திரத்தில் விழுவார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் சொல்கிறார்கள். கோடீஸ்வர நாடு என்று பெயர். அங்கே கிழவனைத் தெருவில் விழாமல் தாங்குவது இந்த ஒரே தூண்தான்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இது சர்க்கார் போடும் பிச்சை அல்ல. முதலாளி காட்டும் கருணையும் அல்ல. தொழிலாளி இன்று வாங்காமல் நாளைக்கு என்று நிறுத்தி வைத்த கூலி! முதலாளி கட்டும் பங்கும் அப்படித்தான். தொழிலாளியின் உழைப்பில் பிறக்காத பணம் முதலாளியின் பெட்டியில் ஏது?

சும்மா கிடைத்ததா?

இந்தச் சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்டு 14-ந் தேதி கையெழுத்துப் போட்டார். அவர் நல்ல மனசுக்காரர், அதனால் கொடுத்தார் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும். நடந்தது என்ன?

1929-ல் பங்கு மார்க்கெட் சரிந்தது. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்து வீதிக்கு வந்தார்கள். 1930 மார்ச் 6-ந் தேதி அமெரிக்க நகரங்களில் எல்லாம் வேலையில்லாதோர் ஊர்வலம் நடத்தினார்கள். நியூயார்க்கில் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. 1934 செப்டம்பரில் தெற்கே ஜார்ஜியா, கரோலினா முதல் வடக்கே நியூ இங்கிலாந்து வரை சுமார் 4 லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தெற்குக் கரோலினாவில் ஹோனியா பாத் என்னும் சின்ன ஊரில், ஆலை வாசலில் 7 தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் போராட்டம் அன்று தோற்றது. ஆனால் அதே வருஷம் சான் பிரான்ஸிஸ்கோ துறைமுகத்திலும், மினியாபோலிஸ் லாரித் தொழிலாளர் மத்தியிலும், டொலிடோ நகரத்திலும் நெருப்பு மூண்டது. கலிபோர்னியாவில் டாக்டர் டவுன்ஸெண்டு என்பவர், 60 வயதானவர்களுக்கு மாதம் 200 டாலர் கொடு என்று கிளப்பிய இயக்கத்தில் கிழவர்கள் லட்சக்கணக்கில் திரண்டார்கள். பார்லிமெண்டிலே லண்டீன் என்ற உறுப்பினர், பணக்காரர் மீது வரி போட்டு எல்லாத் தொழிலாளிக்கும் காப்பீடு கொடு என்று மசோதா கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான சங்கக் கிளைகள் அதன் பின்னே நின்றன.

இத்தனை அழுத்தம் கீழேயிருந்து வந்த பிறகுதான் மேலே பேனா அசைந்தது!

அப்போதும் முதலாளிகள் விட்டார்களா? 1936 தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் இந்தச் சட்டத்தைத் தாக்கிப் பிரசாரம் செய்தார். ஆலை முதலாளிகள் சம்பளக் கவருக்குள்ளேயே துண்டுச் சீட்டு வைத்தார்கள். ‘ஜனவரி முதல் உன் சம்பளத்தைப் பிடிக்கப் போகிறார்கள், ஜாக்கிரதை’ என்கிற தோரணையில்! முதலாளிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் திடீரென்று என்ன அக்கறை! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். தொழிலாளி ஏமாறவில்லை. 48 மாநிலங்களில் இரண்டே இரண்டுதான் லாண்டனுக்குக் கிடைத்தது.

அந்த அடியை அவர்கள் மறக்கவே இல்லை. 2005 ஜனவரியில் புஷ்ஷின் வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவர் எழுதிய ரகசியக் குறிப்பு வெளியே வந்தது. அறுபது வருஷத்தில் முதல் தடவையாக இந்தச் சண்டையில் நாம் ஜெயிக்க முடியும் என்று அதில் எழுதியிருந்தது. அறுபது வருஷமாகக் கறுவிக் கொண்டிருந்திருக்கிறார்கள்!

‘திவால்’ என்னும் பூச்சாண்டி

2005 பிப்ரவரி 2-ந் தேதி புஷ் பார்லிமெண்டில் பேசினார். 2042-ல் இந்தத் திட்டம் முழுவதும் வற்றித் திவாலாகிவிடும் என்றார். ஆகவே என்ன செய்ய வேண்டுமாம்? 55 வயதுக்குக் கீழே உள்ள தொழிலாளி, தன் சம்பளத்தில் பிடிக்கும் 6.2-ல் 4 வரை எடுத்துப் பங்கு மார்க்கெட்டில் போடும் தனிக் கணக்கில் வைத்துக் கொள்ளலாமாம். ‘உன் பணம், உன் கணக்கு, நீயே சொந்தக்காரன்!’ கேட்க எவ்வளவு இனிப்பு!

திவால் என்ற பேச்சை முதலில் எடுத்துக் கொள்வோம். நிதியை நிர்வகிக்கும் டிரஸ்டிகளின் 2004-ம் வருஷ அறிக்கையே என்ன சொல்லிற்று? சேர்த்து வைத்த கையிருப்பு 2042-ல் தீரும். அதற்குப் பிறகும் அந்தந்த வருஷ வசூலிலேயே நூற்றுக்கு 73 பங்கு கொடுக்க முடியும் என்று சொல்லிற்று. 27 குறைகிறது. இது பற்றாக்குறை, சந்தேகமில்லை. ஆனால் குதிரில் நெல் கொஞ்சம் குறையும் என்பதற்காகக் குதிரையே எலிக்கு எழுதி வைப்பார்களா?

இந்தப் பற்றாக்குறை எப்படி வந்தது? சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. 2005-ல் வருஷத்துக்கு 90,000 டாலர் வரை வாங்கும் சம்பளத்துக்குத்தான் பிடித்தம். அதற்கு மேலே எத்தனை கோடி வாங்கினாலும் ஒரு காசு பிடித்தம் கிடையாது! 30,000 டாலர் வாங்கும் தொழிலாளி ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை கட்டுகிறான். வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் வாங்கும் கம்பெனித் தலைவரை எடுத்துக் கொள்ளுங்கள். ஜனவரி 4-ந் தேதியோடு அவர் கடமை முடிந்தது! மிச்சம் 361 நாளும் அவர் விடுதலைப் பறவை. இந்த உச்ச வரம்பை எடுத்துவிட்டால் பற்றாக்குறையின் பெரும் பகுதி அடைபடும். அதைப் பற்றிப் பேசினாரா புஷ்? அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. 2001-லும் 2003-லும் வரிகளைக் குறைத்தபோது பெரும் பணக்காரர்களே மூட்டை மூட்டையாக அள்ளிக் கொண்டார்கள். அப்போது கஜானா திவாலாகவில்லையாம். கிழவியின் கஞ்சி என்றால் மட்டும் திவால்!

ஏப்ரல் 5-ந் தேதி அவர் மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊருக்குப் போனார். சர்க்கார் கடன் பத்திரங்கள் வைத்திருக்கும் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, இங்கே நிதி ஏதும் இல்லை, வெறும் கடன் சீட்டுத்தான் இருக்கிறது என்றார். அடடா, என்ன கண்டுபிடிப்பு! அமெரிக்க சர்க்கார் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் அது. ஜப்பான் பாங்கு அதே சர்க்காரின் பத்திரத்தை நீட்டினால் வட்டியோடு பணம் வருகிறது, அது தங்கம். சொந்த நாட்டுத் தொழிலாளியின் பெயரில் இருந்தால் வெறும் காகிதமா?

தனிக் கணக்கின் உள் சங்கதி

இனி அந்த இனிப்புப் பண்டத்தைப் பிட்டுப் பார்ப்போம்.

தொழிலாளி தனிக் கணக்கில் போட்ட பணத்துக்கு ஈடாக, முதுமையில் அவனுக்கு வர வேண்டிய நிச்சயமான பணம் வெட்டப்படும். எவ்வளவு? அவன் போட்ட தொகையும், விலைவாசி உயர்வுக்கு மேலே நூற்றுக்கு 3 வட்டியும் சேர்த்து! அதாவது அவன் பணத்தை அவனுக்கே கடனாகக் கொடுத்து, வட்டியோடு கழிக்கிறார்கள். பங்கு மார்க்கெட் அதற்கு மேலே ஏறினால்தான் அவனுக்கு லாபம். இறங்கினால்? விதி! தரகனுக்கு விதி கிடையாது. மார்க்கெட் ஏறினாலும் கமிஷன், இறங்கினாலும் கமிஷன். சோஷல் செக்யூரிட்டி நிர்வாகத்துக்கு ஆகும் செலவு நூறு டாலருக்கு ஒரு டாலர்கூட இல்லை. இவ்வளவு பெரிய குளத்துத் தண்ணீர் தன் வயலுக்குப் பாயாமல் போகிறதே என்று வால் ஸ்ட்ரீட் பண்ணையார்களுக்கு வயிற்றெரிச்சல். விஷயம் அவ்வளவுதான்.

இன்றைய வசூலில்தான் இன்றைய கிழவர்களுக்குப் பணம் போகிறது. வசூலில் பெரும் பகுதியைத் தனிக் கணக்குக்குத் திருப்பிவிட்டால் அவர்களுக்கு எங்கிருந்து கொடுப்பது? சர்க்கார் லட்சம் கோடி டாலர் கணக்கில் கடன் வாங்க வேண்டும். ஓட்டையை அடைக்க வந்தவர், சட்டியையே உடைக்கச் சொல்கிறார்!

ஏப்ரல் 28-ந் தேதி குட்டு முழுக்க வெளிப்பட்டது. தனிக் கணக்கால் மட்டும் பற்றாக்குறை தீராது என்று தெரிந்ததும், வருஷத்துக்குச் சுமார் 20,000 டாலருக்கு மேலே வாங்கும் எல்லோருக்கும் எதிர்காலப் பணத்தைக் குறைக்கும் யோசனைக்கு புஷ் ஆதரவு தந்தார். 20,000 டாலருக்கு மேலே வாங்குகிறவர் யார்? ஆலைத் தொழிலாளி, பஸ் டிரைவர், ஆஸ்பத்திரி நர்சு. இவர்களெல்லாம் வசதிக்காரர்களாம்!

லெனின் பெயரில் ஒரு சூழ்ச்சி

55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை என்று புஷ் ஊர் ஊராகச் சத்தியம் செய்தார். ஏன் இந்தச் சலுகை? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கேட்டோ என்பது அமெரிக்க முதலாளிகளின் பணத்தில் நடக்கும் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம். அதன் சஞ்சிகையில் 1983-ல் ஒரு கட்டுரை வந்தது. சோஷல் செக்யூரிட்டியை எப்படி ஒழித்துக் கட்டுவது என்பதே விஷயம். தலைப்பில் அவர்கள் போட்டிருந்த பெயர் என்ன தெரியுமா? ‘லெனினிஸத் தந்திரம்’! பாட்டாளி மக்களின் தலைவர் பெயரை, பாட்டாளியின் கஞ்சியைப் பறிக்கும் திட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்!

அதில் சொன்ன யோசனை இதுதான்: ஓய்வு பெற்றவர்களையும், ஓய்வை நெருங்குகிறவர்களையும் பயம் தெளிவித்துச் சும்மா இருக்க வை. இளைஞர்களிடம் நம்பிக்கையைக் கெடு. லாபம் பெறப் போகும் பாங்குகளையும் தரகர்களையும் திரட்டு. தகப்பனை மகனிடமிருந்து பிரி! நமக்கு இது புதிதா? பழைய ஆளுக்கு ஒரு கூலி, புதிதாக வருகிறவனுக்கு ஒரு கூலி என்று மில் முதலாளி செய்யும் தந்திரத்தின் அமெரிக்கப் பதிப்புத்தானே இது!

புஷ்ஷுக்கு முன்மாதிரியும் இருந்தது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டில், சர்வாதிகாரி பினோஷே 1981-ல் தொழிலாளர் ஓய்வு நிதியைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்தான். சங்கங்களை நசுக்கிவிட்டு, துப்பாக்கி முனையில் செய்த காரியம் அது. ஆனால் ஒரு கூட்டத்துக்கு மட்டும் பழைய திட்டத்தையே வைத்துக் கொண்டான். யாருக்கு? இராணுவத்துக்கும் போலீசுக்கும்! அவ்வளவு நல்ல திட்டமாக இருந்தால் தன் சிப்பாய்க்குக் கொடுத்திருக்க மாட்டானா? பிற்பாடு அந்தக் கம்பெனிகள் கொழுத்தன. ஓய்வு பெற்றவனுக்கு அரை வயிறும் நிரம்பவில்லை. 2008-ல் சிலி சர்க்கார் ஏழைக் கிழவர்களுக்குப் பொதுப் பணத்திலிருந்து பென்ஷன் கொடுக்க வேண்டி வந்தது. 2016-ல் அந்தக் கம்பெனிகளே வேண்டாம் என்று லட்சக்கணக்கானோர் சாந்தியாகோ நகரத்து வீதியில் இறங்கினார்கள்.

யார் தடுத்தார்கள்?

2005 மார்ச்சில் புஷ் 60 நாளில் 60 கூட்டம் என்று புறப்பட்டார். பேசப் பேச ஆதரவு குறைந்து கொண்டே போயிற்று! கூட்டத்துக்கு ஆள் பொறுக்கி எடுத்து அனுமதித்தார்கள். டென்வர் நகரத்தில் மூன்று பேரை வெளியே தள்ளினார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தைகூட அவர்கள் பேசவில்லை. வந்த காரில் யுத்த எதிர்ப்பு வாசகம் ஒட்டியிருந்தது, அதுதான் குற்றம்! ஜனநாயகத்தின் லட்சணம் இது.

தொழிற்சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. பங்குத் தரகுக் கம்பெனிகளின் வாசல்களில் நகரம் நகரமாக மறியல் நின்றார்கள். ‘எங்கள் முதுமையை விலை பேசாதே’ என்ற குரலுக்கு அஞ்சி, இரண்டு தரகுக் கம்பெனிகள் தனிக் கணக்கு ஆதரவுக் கூட்டிலிருந்து விலகிக் கொண்டன. மூன்றரைக் கோடி அங்கத்தினர் கொண்ட முதியோர் சங்கம் எதிர்த்துப் பிரசாரம் செய்தது. குடியரசுக் கட்சி உறுப்பினர்களே தங்கள் தொகுதிக்குப் போய்க் கிழவிகளின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் விழித்தார்கள். செனட் சபையில் நூற்றுக்கு 55 இடம் அவர்களுக்கு இருந்தும், மசோதா ஓட்டெடுப்புக்கே வரவில்லை. ஆகஸ்டு கடைசியில் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தது. ஏழைகளைக் கூரையில் தவிக்க விட்ட சர்க்காரின் மானம் கப்பலேறியது. திட்டம் செத்தது. 2006 தேர்தலில் குடியரசுக் கட்சி இரு சபைகளையும் இழந்தது.

ஜனநாயகக் கட்சி காப்பாற்றியது என்று சிலர் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார்கள். 2005-ல் அந்தக் கட்சி ஏறக்குறைய ஒரே குரலில் எதிர்த்தது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் செய்தது என்ன?

ஓய்வு வயதை 65-லிருந்து படிப்படியாக 67-க்கு உயர்த்திய 1983 சட்டம், ரீகனும் ஜனநாயகக் கட்சித் தலைவர்களும் கை குலுக்கி நிறைவேற்றியது. பேனா பிடிப்பவனுக்கு இரண்டு வருஷம் பெரிதல்ல; கொதிகலன் அருகே நிற்பவனுக்கு இரண்டு வருஷம் என்றால் பாதி உயிர். 1999-ல் இந்த நிதியில் ஒரு பகுதியைப் பங்கு மார்க்கெட்டில் போடலாம் என்று யோசனை சொன்னவர் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி கிளிண்டன். 2001-ல் தனிக் கணக்குக்கு வழி சொல்ல புஷ் அமைத்த கமிஷனின் இரு தலைவர்களில் ஒருவர் ஜனநாயகக் கட்சியின் மாஜி செனட்டர் மோய்னிஹன். 2013-ல் விலைவாசிப் படியைக் கணக்கிடும் முறையை மாற்றி, கிழவர்களின் பணத்தை மெள்ள மெள்ளத் தேய்க்கும் யோசனையைத் தன் பட்ஜெட்டிலேயே வைத்தவர் ஒபாமா. எதிர்ப்பு வந்த பிறகுதான் அடுத்த வருஷம் கைவிட்டார்.

ஒரு கட்சி கோடரியோடு வருகிறது. இன்னொன்று அரத்தோடு வருகிறது. கீழேயிருந்து கூச்சல் எழுந்தால் அரம் பைக்குள் போகிறது. கூச்சல் அடங்கினால் மறுபடி வெளியே வருகிறது. இரண்டும் ஒன்றே என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஒன்றை நம்பித் தூங்கவும் கூடாது. கட்சியின் பெயர்ப் பலகை கிழவனைக் காப்பாற்றவில்லை. மறியல் நின்றவன் காப்பாற்றினான்.

2008 கொடுத்த தீர்ப்பு

மூன்றே வருஷத்தில் காலமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2007 அக்டோபரில் 14,000 புள்ளிக்கு மேலே நின்ற அமெரிக்கப் பங்கு மார்க்கெட்டின் டௌ ஜோன்ஸ் குறியீடு, 2009 மார்ச்சில் 6,600-க்கும் கீழே விழுந்தது. பாதிக்கு மேலே காற்றோடு போயிற்று! பங்குக் கணக்கில் ஓய்வுப் பணம் போட்டிருந்த கோடிக்கணக்கான ஊழியர்கள் தலையில் கை வைத்தார்கள். சோஷல் செக்யூரிட்டி மட்டும் ஒரு மாதம் தவறாமல், ஒரு காசு குறையாமல் வந்தது. புஷ்ஷின் திட்டம் நிறைவேறியிருந்தால் அதன் கதி என்ன?

சூதாடிய பாங்கு முதலாளிகளின் கதி? 2008 அக்டோபரில் அவர்களுக்காக 70,000 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் நிறைவேறிற்று. அப்போது ஜனாதிபதி தேர்தல் நடந்து கொண்டிருந்தது. எதிரெதிர் வேட்பாளர்களான ஒபாமாவும் மெக்கெயினும் செனட் சபையில் இதற்கு மட்டும் ஒரே பக்கம் கை தூக்கினார்கள்! கிழவிக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பார்க்கர்ஸ்பர்க் பீரோவைத் திறந்து காட்டிய அதே புஷ்தான் இதில் கையெழுத்துப் போட்டார்.

மறுபடியும் அதே கை

கதை முடிந்துவிட்டதா? இல்லை. 2024 நவம்பர் 5-ந் தேதி தேர்தலில், சோஷல் செக்யூரிட்டியைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து டிரம்ப் ஜெயித்தார். அவர் தரப்புக்காக 25 கோடி டாலருக்கு மேலே கொட்டியவர் உலகத்தின் மகா கோடீஸ்வரரான எலான் மஸ்க். 2025 தொடக்கத்தில் சர்க்கார் செலவை வெட்டும் அதிகாரம் அந்த மஸ்க் கையில் வந்தது. அவர் சோஷல் செக்யூரிட்டியைச் சீட்டு மோசடி என்று வர்ணித்தார். அந்த இலாகாவில் இருந்த சுமார் 57,000 ஊழியர்களில் 7,000 பேரைக் குறைக்க உத்தரவாயிற்று. சட்டத்தைத் தொடவில்லை, பணம் கொடுக்கும் கவுண்டரில் ஆளைக் குறைத்தார்கள்!

அந்த ஜூலையில் குழந்தைகளின் பெயரில் பங்கு மார்க்கெட் கணக்குத் திறக்கும் புதுச் சட்டம் வந்தது. அந்த மாதக் கடைசியில் நிதி மந்திரி பெஸெண்ட் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். இது சோஷல் செக்யூரிட்டியைத் தனியாருக்கு மாற்றப் பின்வாசல் வழி என்றார்! ஆட்சேபம் கிளம்பியதும் அப்படியல்ல என்று மழுப்பினார். முன்வாசலில் 2005-ல் செருப்படி வாங்கியவர்கள் இப்போது கொல்லைப்புறம் சுற்றுகிறார்கள். 2025-ம் வருஷ டிரஸ்டிகள் அறிக்கையின்படி முதியோர் நிதியின் கையிருப்பு 2033-ல் தீரும். அதற்குப் பிறகு வசூலிலிருந்து நூற்றுக்கு 77 கொடுக்க முடியும். திவால் பூச்சாண்டியை மறுபடி தூக்கிவர இது போதும். 2025-ல் பிடித்தத்தின் உச்ச வரம்பு 1,76,100 டாலர். அதற்கு மேலே கோடி கோடியாய் வாங்குகிறவன் அன்றும் கட்டவில்லை, இன்றும் கட்டவில்லை!

நமக்கு இதில் என்ன?

வயலில் கூலிக்குப் போகும் தோழர் கேட்கலாம்: ‘எனக்குப் பிடித்தமும் இல்லை, பென்ஷனும் இல்லை. அமெரிக்கக்காரன் சண்டை எனக்கு எதற்கு?’

நியாயமான கேள்வி. அமெரிக்க விவசாயக் கூலியும் 1935-ல் இதே இடத்தில்தான் நின்றான். அந்தச் சட்டத்தில் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரிகளையும் சேர்க்கவில்லை. வசூலிப்பது கஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். தெற்கு மாநிலப் பருத்திப் பண்ணை முதலாளிகளுக்கு அது மிகவும் சௌகரியமாகப் போயிற்று. கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும் பகுதி வெளியே நின்றது. ஆனால் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த உரிமை உயிரோடு இருந்தது. அதனால்தான் 1950-லும் 1954-லும் சட்டத்தைத் திருத்தி விவசாயக் கூலிகளையும் அதற்குள் கொண்டுவர முடிந்தது. முதல் தொழிலாளியின் உரிமையை 1936-லேயே பறித்திருந்தால், பின்னால் வந்தவன் எதில் சேர்ந்திருப்பான்? ஒருவன் பெற்றது இன்னொருவனுக்கு ஏணி. ஏணியை உடைக்க வருகிறவன் மேலே இருப்பவனுக்கு மட்டும் எதிரியல்ல; கீழே காத்திருப்பவனுக்கும் எதிரி.

ஆலைத் தோழருக்கு இது தூரத்துச் சண்டையும் அல்ல. 2004 ஜனவரி 1 முதல் இந்திய மத்திய சர்க்கார் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் நிறுத்தப்பட்டு, மார்க்கெட்டை நம்பிய புதுத் திட்டம் திணிக்கப்பட்டது. யாருக்கு விதிவிலக்கு? இராணுவத்துக்கு. சிலியில் பார்த்த அதே முத்திரை! திணித்தது பாரதிய ஜனதா சர்க்கார். 2013-ல் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது காங்கிரஸ் சர்க்கார், பாரதிய ஜனதாவின் ஆதரவோடு. மில் தொழிலாளியின் பிராவிடண்டு பண்டு வரவிலும் ஒரு பங்கு 2015 ஆகஸ்டு முதல் பங்கு மார்க்கெட்டுக்குப் போகத் தொடங்கிற்று.

ஆகவே தோழர்களே, ‘நிதி திவாலாகிறது’ என்று எவனாவது அழுதுகொண்டு வந்தால், கண்ணீரைத் துடைக்க ஓடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். பெரும் பணக்காரன் இதில் எவ்வளவு கட்டுகிறான்? மார்க்கெட் விழுந்தால் நஷ்டம் யார் தலையில்? இந்தத் திட்டம் அவ்வளவு நல்லதென்றால், ஆளுகிறவன் தன் சிப்பாய்க்கு ஏன் அதைக் கொடுக்கவில்லை?

2005-ல் அமெரிக்கத் தொழிலாளி இப்படிக் கேட்டான். தேர்தலில் தோற்ற பக்கத்தில் இருந்தவனும் கேட்டான்; ஜெயித்த பக்கத்துக்கு ஓட்டுப் போட்டவனும் கேட்டான். ஓட்டுப் போட்டுவிட்டேன், நாலு வருஷம் சும்மா இருக்கிறேன் என்று எவனும் வீட்டில் உட்காரவில்லை. உலகத்தின் மிகப் பலம் பொருந்திய ஜனாதிபதி, சம்பாதித்ததாகச் சொன்ன மூலதனம் அத்தனையும் தொலைத்துத் திரும்பிப் போனார்.

இந்தச் செய்தியை ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் படித்துக் காட்டுங்கள். பிராவிடண்டு பண்டுச் சீட்டை எடுத்து, நம் பணம் எங்கே இருக்கிறது என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். நிறுத்தி வைத்த கூலி நம் கூலி. அதை வைத்துச் சூதாட எவனுக்கும் நாம் ஓட்டுப் போடவில்லை!